வழியில் பைக் நின்றுவிடுமோ என்ற பயம்: திருகோணமலையிலிருந்து தூரம் ஓடுகிறவர்களின் கேள்விகள்

திருகோணமலையிலிருந்து எந்தப் பெரிய ஊருக்குப் போவதென்றாலும் நடுவில் ஒரு காடு குறுக்கிடும். கண்டி, கொழும்பு என்றால் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில். யாழ்ப்பாணம், அனுராதபுரம் என்றால் பன்குளம், மொறவெவ தாண்டி ஹொரவப்பொத்தானை வரை. மட்டக்களப்பு என்றால் மூதூரைக் கடந்து வெருகல் பக்கம். அதனால்தானோ என்னவோ, இங்கே தூரப் பயணம் பற்றிக் கதைக்க ஆரம்பித்தால் ஐந்தாவது நிமிஷத்தில் “நடுவழியில் நின்றால் என்ன செய்வது” என்று பேச்சு வந்துவிடும். நூறு, நூற்றைம்பது சிசி பைக்கில் ஓடுகிறவர்கள் (நம்மில் பலருக்கு அதுதான் டூரிங் பைக், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை) திரும்பத் திரும்பக் கேட்கிறவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஊருக்குள் ஓடும்போது ஒன்றும் கேட்பதில்லை. கந்தளாய் தாண்டினதும் என்ஜினில் ஏதோ சத்தம். பைக்கில் கோளாறா, என் காதில் கோளாறா?

அநேகமாக இரண்டிலும் இல்லை. கண்டி வீதியில் பஸ் ஹோர்னுக்கும் ஆட்டோ சத்தத்துக்கும் நடுவே உங்கள் பைக்கின் சத்தம் அமுங்கிப்போகிறது. காட்டுப் பாதையில் ஒரே வேகத்தில் அரை மணித்தியாலம் ஓடும்போது ஒயில் நன்றாகச் சூடாகி இளகும், டெப்பட் (என்ஜினின் வால்வைத் தட்டும் பாகம்) சத்தம் கொஞ்சம் மாறும், தார் மாறுகிற இடத்தில் டயரின் இரைச்சல் மாறும், ஹெல்மெட்டுக்குள் காற்று விசில் அடிக்கும். எல்லாம் முன்பே இருந்த சத்தங்கள்தான். வீடு தூரமாகிறது என்று மனசுக்குத் தெரிந்ததும் காது வேலையை ஆரம்பிக்கிறது, பழுதைத் தேடிக்கொண்டு கேட்டால் எந்த என்ஜினும் பழுதாகத்தான் கேட்கும்.

அதற்காக எல்லாம் பிரமை என்று தள்ளிவிடவும் சொல்ல மாட்டேன். ஒரு சோதனை இருக்கிறது. பின்னால் வாகனம் வராத நேரான ரோட்டில் கிளச்சைப் பிடித்து, அக்சிலேட்டரை விட்டு, பைக்கை உருள விடுங்கள். என்ஜின் வேகம் இறங்கும்போது சத்தமும் கூடவே இறங்கினால் அது என்ஜின் அல்லது சைலன்சர் பக்கம். என்ஜின் இறங்கின பிறகும் சில்லு சுழலும் வேகத்துக்குத் தக்கபடி சத்தம் தொடர்ந்தால் அது செயின், சில்லு பேரிங், பிரேக், டயர் இவற்றில் ஒன்று, உடனே ஓரங்கட்டிப் பார்க்க வேண்டியது. இரண்டோடும் சேராமல் குழியில் இறங்கும்போது மட்டும் கேட்டால் நம்பர் பிளேட், செயின் கவர், சாமான் பெட்டி என்று ஒவ்வொன்றாகக் கையால் ஆட்டிப் பாருங்கள், எப்படியும் ஏதாவது ஒரு நட்டு தளர்ந்திருக்கும்.

சோதனை ஒரு தரம்தான். முடிவெடுத்த பிறகு அதே சத்தத்தை அடுத்த சந்தியில் மறுபடி விசாரணைக்கு எடுக்காதீர்கள். சத்தம் கூடினாலோ புதிதாக ஒன்று சேர்ந்தாலோ மட்டும் திரும்பவும் பாருங்கள்.

சரி, உண்மையிலேயே பயப்பட வேண்டியது எது?

இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள். பைக்கில் வருகிற பழுதுகளில் சில உங்களை விழுத்தும், மற்றவை உங்களை நிறுத்தும். விழுத்துகிறவை சிலதான்: டயர் (முக்கியமாக முன் டயர்), பிரேக், சில்லு பேரிங், ஹேண்டில் பேரிங், அறுந்து பின் சில்லில் சுற்றிக்கொள்கிற செயின், முறுக்கினால் திரும்பி வராமல் சிக்குகிற அக்சிலேட்டர். நிறுத்துகிறவை ஏராளம்: பற்றரி, பிளக், பியூஸ், கிளச் கேபிள், கார்பரேட்டரில் குப்பை, பெற்றோல் முடிவது. என்ஜின் இறுகிப்போனால் பின் சில்லு பூட்டிக்கொள்ளும், அப்போது கிளச்சைப் பிடித்தால் சில்லு விடும். ஆனால் ஒயில் மட்டத்தை ஒழுங்காகப் பார்க்கிற ஆளின் பைக்கில் அது அபூர்வம்.

நம்மவர்கள் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறோம். என்ஜின் மக்கர் பண்ணுமோ என்று இரவு முழுக்கப் புரண்டு படுக்கிறவர், விடிந்ததும் மொட்டை டயரோடு தம்புள்ளைக்குக் கிளம்புகிறார். என்ஜின் நின்றால் பைக் உருண்டு ஓரத்துக்கு வரும், நீங்கள் இறங்கி நின்று திட்டலாம். எழுபதில் போகும்போது முன் டயர் போனால் திட்டுவதற்கு அவகாசம் இருக்காது.

ஆகவே டயரை நிதானமாகப் பாருங்கள். பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்த டயர். கட்டை (ரோட்டில் தேய்கிற மேல் றப்பர்) நிறைய இருந்தாலும் ஆறு ஏழு வருஷமான டயரில் றப்பர் இறுகி, பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருக்கும், நம் வெயிலில் வெளியே நிற்கிற பைக் என்றால் அதற்கு முன்பே. காற்று எவ்வளவு என்று செயின் கவரிலோ பின் ஃபோர்க்கிலோ ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். பின்னால் ஆளும் சாமானும் ஏற்றினால் அதிலுள்ள கூடின அளவுக்கு அடியுங்கள். காலையில் டயர் சூடாகும் முன் அளக்க வேண்டும்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேர்ந்த ஒயில் மலை இறக்கத்தில் சூடேறும்போது கொதித்து லீவர் பஞ்சுபோல் உள்ளே போகும். நுவரெலியா, கண்டிப் பக்கம் போகிற ஆட்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் அதை மாற்றியே ஆக வேண்டும். கடற்கரை ஊர்க்காரருக்கு இறக்கத்தில் பிரேக் சூடாகிற அனுபவம் குறைவு, அதனால் இதை நாம் நினைப்பதே இல்லை.

கிளம்பும் முன் எல்லாம் பார்க்கிறேன். ஆனால் மட்டிக்களி தாண்டும் முன்பே மறுபடி நிறுத்திப் பார்க்கத் தோன்றுகிறது. ஏன்?

பார்த்ததும் கொஞ்ச நேரம் நிம்மதி வருகிறது, அந்த நிம்மதிதான் அடுத்த தரமும் பார்க்கத் தூண்டுகிறது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்க்கிற அம்மாவுக்குக் கவலை குறையாது, கூடும். இதுவும் அப்படித்தான். குனிந்து பார்க்கப் பார்க்க, “பார்த்ததால்தான் தப்பினேன்” என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது.

பார்க்காதீர்கள் என்று சொன்னால் நடக்கப்போவதில்லை, ஆகவே பார்ப்பதற்கு இடம் ஒதுக்குங்கள். முதல் நாள் பின்னேரம் வெளிச்சம் இருக்கும்போது ஒரு முழுச் சோதனை: டயர், பிரேக் இரண்டும், செயின் தொய்வு, ஒயில் மட்டம், லைட்டுகள், சில்லை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டம் இருக்கிறதா என்று. சோதிப்பதை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள், இது சின்ன விஷயம்தான், ஆனால் இரவு பதினொரு மணிக்குச் சந்தேகம் வரும்போது கட்டிலை விட்டு எழும்பாமல் பார்த்துவிட்டுப் படுக்கலாம். காலையில் காற்றும் பிரேக்கும் மட்டும். அதன் பிறகு பெற்றோல் செட்டில் நிற்கும்போதுதான் அடுத்த பார்வை, ஒரு சுற்று நடந்து வந்தால் போதும். நடுவில் தோன்றினால் “கந்தளாயில் பார்ப்போம்” என்று தள்ளிப்போடுங்கள். தோன்றல் அடங்க முதல் சில பயணங்களில் நேரம் எடுக்கும், நெஞ்சு படபடக்கும், அதோடு ஓடலாம். இந்தத் தள்ளிப்போடல் மனசில் எழுகிற சந்தேகத்துக்கு மட்டும்தான். லீவர் இளகினாலோ ஹேண்டில் ஆடினாலோ உடனே நிறுத்த வேண்டும்.

ஹபரணைக் காட்டில், மாலையில், பைக் நின்றால்? யானை?

இது வீண் பயம் இல்லை. அந்தப் பாதையில் யானை ரோட்டைக் கடக்கும், மாலை மங்கும் நேரத்திலிருந்து காலை வரை அதிகம். இதற்குப் பைக்கில் பதில் தேடாதீர்கள், மணிக்கூட்டில் தேடுங்கள். ஹபரணையிலிருந்து திருகோணமலைக்கு ஏறத்தாழ 85 கிலோமீற்றர். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு ஹபரணையில் நிற்கிறீர்கள் என்றால் அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்குவது கெட்டித்தனம், தங்குகிற காசை முன்கூட்டியே பயணச் செலவில் போட்டு வையுங்கள். “தங்கினாலும் பரவாயில்லை” என்று காசு ஒதுக்கினவருக்கு அவசரம் இல்லை, அவசரம் இல்லாதவர் ஒழுங்காக ஓடுவார்.

அப்படியும் நின்றுவிட்டால்: பைக்கை ரோட்டின் ஓரத்துக்கு உருட்டுங்கள், காட்டுக்குள் இறக்க வேண்டாம். ஒதுங்குவதற்கென்று பற்றைக்குள் போகாதீர்கள். அது ஏ6 பாதை, பஸ்ஸும் லொறியும் வந்துகொண்டே இருக்கும். இருட்டுகிற நேரம் என்றால் பைக்கைப் பூட்டிவிட்டு, வருகிற பஸ்ஸை மறித்து ஏறி அடுத்த ஊருக்குப் போய், காலையில் மெக்கானிக்கோடு திரும்பி வாருங்கள். பைக் களவு போகுமே என்பீர்கள். போகலாம். அந்த நேரத்தில் அந்த இடத்தில் காவல் இருப்பதைவிட அது மேல். யானையே எதிரில் நின்றால் ஹோர்ன் அடிக்காமல், லைட் அடித்து விளையாடாமல், நல்ல தூரத்திலேயே நின்றுகொள்ளுங்கள், அல்லது மெதுவாகத் திரும்பிவிடுங்கள். கிட்டப் போய்ப் படம் எடுக்கிறவர்களுக்கு இந்தப் பக்கம் எழுதப்படவில்லை.

ஹபரணைப் பக்கம் கராஜ்களில் சிங்களம்தான். “பைக் எக ஸ்டார்ட் வென்னே நே” (பைக் ஸ்டார்ட் ஆகுதில்லை), “டயர் எக பஞ்சர்” (டயர் பஞ்சர்) என்ற இரண்டும் தெரிந்தால் மிச்சத்தைக் கை காட்டும். காயம் என்றால் 1990 சுவசரிய அம்புலன்ஸ், காசில்லை. பொலிஸ் 119.

மற்றப் பாதைகள்?

மட்டக்களப்புக்குக் கிண்ணியா, மூதூர், வெருகல், கதிரவெளி, வாகரை என்று போகிற ஏ15 பாதை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அங்கே படகுப் பாதைக்குக் காத்திருக்கும் தொல்லை இல்லை. கிண்ணியா, மூதூர் இரண்டிலும் பைக் கராஜ் நடத்துகிற நானாமார் இருக்கிறார்கள், பல்சர், டிஸ்கவர் என்றால் தூக்கத்திலும் கழற்றிப் பூட்டுவார்கள். மூதூர் தாண்டினால் கடைகள் ஐதாகும், ஆகவே தண்ணீரையும் பெற்றோலையும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஹொரவப்பொத்தானைப் பாதை ஏ12, அங்கே போக ஏறத்தாழ 60 கிலோமீற்றர், அங்கிருந்து வவுனியாவுக்குப் பிரியலாம். யானை விஷயத்தில் மேலே சொன்னதேதான். நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டைப் பாதை முழுக்க ஊர்கள் வரும், பைக்கைப் பரீட்சித்துப் பார்க்க அதைவிட நல்ல பாதை கிடையாது, ஏனென்றால் எங்கே நின்றாலும் யாராவது தெரிந்தவர் வருவார் (சில பேருக்கு அதுதான் பயமாம்).

பைக் நின்றுவிட்டது. கை நடுங்குகிறது. முதலில் என்ன செய்வது?

முதலில் ஹெல்மெட்டைக் கழற்றி, நிழலில் நின்று, தண்ணீர் குடியுங்கள். சித்திரை வெயிலில் உடம்பு காய்ந்துபோயிருக்கும்போது மூளை சின்னப் பழுதையும் பெரிதாகக் காட்டும். நடுங்குகிற கையால் பிளக்கைக் கழற்றினால் மரை போகும்.

பிறகு வெட்கக்கேடானவற்றிலிருந்து ஆரம்பியுங்கள்: கில் சுவிட்சில் (ஹேண்டிலில் என்ஜினை நிறுத்துகிற சுவிட்ச்) தெரியாமல் கை பட்டிருக்கிறதா, சைட் ஸ்டாண்ட் இறங்கியிருக்கிறதா, பெற்றோல் இருக்கிறதா, கார்பரேட்டர் பைக் என்றால் பெற்றோல் டப் ரிசேவில் (கடைசி மிச்சப் பெற்றோலுக்கு) திரும்பியிருக்கிறதா. நின்ற பைக்குகளில் நிறைய இந்த இடத்திலேயே எழும்பிவிடும். அடுத்து டாங்கி மூடியைத் திறந்து மூடுங்கள். மூடியிலுள்ள காற்றுத் துளை தூசியில் அடைத்தால் பெற்றோல் இறங்காது, பத்து நிமிஷம் ஓடும், நிற்கும், கொஞ்ச நேரத்தில் திரும்ப ஓடும். பேய் பிடித்த மாதிரி இருக்கும், காரணம் அந்தத் துளைதான்.

திறப்பைப் போட்டால் லைட்டே வரவில்லை என்றால் பியூஸையும் பற்றரி முனைகளையும் பாருங்கள். லைட் வருகிறது, ஸ்டார்டர் “டிக் டிக்” என்று மட்டும் சொல்கிறது என்றால் பற்றரி இறங்கிவிட்டது, கிக்கர் இருந்தால் உதையுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் கியரில் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம். பற்றரி செத்துப்போன ஊசி பம்ப் பைக்குகள், அதாவது கார்பரேட்டர் இல்லாத எஃப்ஐ வகை, சில நேரம் தள்ளியும் ஏமாற்றும். மழையில் நின்றது என்றால் பிளக் கப்பைக் கழற்றித் துடைத்துக் காயவிடுங்கள். வெள்ளத்தில் இறங்கி நின்றது என்றால் மட்டும் ஸ்டார்ட் பண்ணவே கூடாது. உள்ளே தண்ணீர் போயிருந்தால் அது அமுங்காது, பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் றொட் வளையும், ஐந்து நிமிஷ அவசரத்தில் முழு என்ஜினும் போகும். கார்த்திகை, மார்கழியில் இந்தக் கேள்வி நிறைய வரும், அதனால் சொல்கிறேன்.

இவ்வளவும் செய்து எழும்பவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். ஃபோனை எடுங்கள்.

என்னென்ன சாமான் கொண்டுபோவது? நண்பர் ஒரு கராஜையே கட்டிக்கொண்டு வருகிறார்.

அந்த நண்பரோடு போங்கள், செலவு மிச்சம்.

தனியாக என்றால்: டியூப் இல்லாத டயருக்குப் பஞ்சர் ஒட்டும் செட்டும் ஒரு சின்னக் காற்றுப் பம்பும், டியூப் டயர் என்றால் ஒரு டியூபும் டயர் லீவரும். கிளச் கேபிள் ஒன்று, அதைப் பையில் வைக்காமல் பழைய கேபிளோடு ஒட்டியே ஓடவிட்டு டேப் சுற்றிவிட்டால் மாற்ற இரு முனையையும் கொளுவினால் போதும். பிளக் ஒன்று, அதற்குரிய ஸ்பேனர், பியூஸ் இரண்டு, செயின் லிங்க் ஒன்று. செயின் லிங்கில் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும், மாற்றிப் போட்டால் கழன்றுவிடும். பைண்டிங் கம்பி, டேப், குறடு. டோர்ச். இதற்கு மேல் சாமான் சேர்க்கத் தோன்றினால், அதைப் பூட்டத் தெரியுமா என்று உங்களையே கேளுங்கள். வீட்டு முற்றத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளச் கேபிளை மாற்றிப் பாருங்கள். ஒரு தரம் கையால் செய்த வேலை ரோட்டில் பயம் காட்டாது, அந்த ஒரு பின்னேரம் பத்து வீடியோவுக்குச் சமம்.

பாரம் கூடின பைக்குக்கு டயரும் பிரேக்கும் கூடுதலாக உழைக்கும் என்பதையும் அந்த நண்பரிடம் சொல்லிவிடுங்கள்.

என்னுடையது பழைய பைக். புதிதாக வாங்கினால் இந்தப் பயம் போகுமா?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. ஆகவே நாட்டில் ஓடுகிற பைக்குகளில் கணிசமானவை பழையவை, அவையும் தினமும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. வயதைவிட இரண்டு விஷயம் முக்கியம். பைக்கின் கதை உங்களுக்குத் தெரியுமா, அதாவது எப்போது எதை மாற்றினீர்கள் என்று ஒரு கொப்பியில் இருக்கிறதா? போகிற வழியில் அதற்குச் சாமான் கிடைக்குமா? பஜாஜ், ஹீரோ, டிவிஎஸ் பைக்குக்குத் தேவையான கேபிளும் பிரேக் பேட்டும் பெரிய ஊர்களில் எல்லாம் தொங்கும். ஹோண்டா பாஜா, யமஹா டிடிஆர் மாதிரிப் பழைய 250 சிசி ஜப்பான் பைக் வைத்திருக்கிறவர்கள் ஓடுவதற்கு ராஜாக்கள், ஆனால் ஒரு சாமானுக்குக் கொழும்பிலிருந்து பார்சல் வரும்வரை காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட பைக் என்றால் தேய்கிற சாமான்களில் ஒரு செட் வீட்டில் இருக்கட்டும்.

புதுப் பைக் வாங்கினவருக்கும் பயம் வரும், கீறல் விழுமோ என்று.

கடற்கரை ஊரில் இருக்கிறோம், உப்புக் காற்று பைக்கைத் தின்றுவிடும் என்கிறார்களே?

தின்னும், மெதுவாக. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீட்டுக்கு வெளியே நிற்கிற பைக்கில் முதலில் அடிபடுவது வயர் முனைகளும் பிரேக் கலிப்பரின் பிஸ்டனும் செயினும்தான், என்ஜின் இல்லை. கிழமைக்கு ஒரு தரம் நல்ல தண்ணீரால் கழுவி, காய்ந்த பிறகு செயினுக்கு ஒயில். பற்றரி முனைகளைத் துடைத்து மெல்லிதாக கிறீஸ். கச்சான் காற்றுக் காலத்தில் தூசியும் சேரும், எயார் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் அளவும் என்ஜின் ஓடும்போது 13.5க்கும் 14.5க்கும் இடையிலும் காட்டினால் பற்றரியும் சார்ஜும் நல்லபடி இருக்கின்றன. ஹேண்டிலில் கொளுவுகிற சின்ன வோல்ட்மீற்றர் வாங்கலாம், ஆனால் அதையே பார்த்துக்கொண்டு ஓடுகிற ஆள் என்றால் வேண்டாம்.

நான் பெண். ஸ்கூட்டியில் மட்டக்களப்புக்குத் தனியாகப் போக ஆசை. வீட்டில் “நடுவழியில் நின்றால் என்ன செய்வாய்” என்று கேட்டே மறிக்கிறார்கள்.

அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொன்னால் எடுபடாது, கடதாசியில் காட்டுங்கள். கிளம்பும் நேரம், நிற்கிற இடங்கள், ஒவ்வொரு பகுதியிலும் கூப்பிடக்கூடிய ஒருவர்: கிண்ணியாவில் கூடப் படித்தவள், வாகரையில் மாமியின் உறவு என்று எழுதினால் எப்படியும் ஆள் அகப்படும், நம் ஊர்களில் யாருக்குத்தான் யாரும் இல்லை? நிற்கிற இடத்தில் ஒரு மெசேஜ். அம்மாவுக்கு இருக்கிற கவலையில் பெரும் பங்கு செய்தி வராத நேரத்தில் வருவது.

ஸ்கூட்டியில் செயின் இல்லை, உள்ளே ஒரு பெல்ட் ஓடுகிறது. அது அறுந்தால் என்ஜின் ஓடும், வண்டி நகராது, ரோட்டோரத்தில் சரிபண்ணவும் முடியாது. எத்தனை கிலோமீற்றரில் மாற்ற வேண்டும் என்று வண்டியோடு தந்த கையேட்டில் இருக்கும், அந்தக் கணக்கு நெருங்கிவிட்டால் போகும் முன்பே மாற்றுங்கள். சில்லு சின்னது என்பதால் குழி கூடுதலாக உதைக்கும், வேகத்தைக் குறைத்து ஓடுங்கள்.

பைக்கை அடிக்கடி நிறுத்தி ஆறவிட வேண்டுமா?

வேண்டாம். ஓடும்போது காற்றுப்பட்டுத்தான் என்ஜின் ஆறுகிறது. அலஸ்தோட்டத்தில் திருவிழா நெரிசலில் ஊருவதுதான் அதற்குக் கஷ்டம். நிறுத்தி ஆற வேண்டியது உங்கள் இடுப்பு.

பயம் பைக்கோடு நிற்கவில்லை. நித்திரை போகிறது, சும்மா இருக்கும்போதும் ஏதாவது நடக்கும் என்று நெஞ்சு அடிக்கிறது.

அப்படியானால் ஸ்பேனரால் தீர்கிற விஷயம் இல்லை. கிழமைக்கணக்கில் நித்திரையும் சாப்பாடும் வேலையும் குழம்பினால் ஒரு வைத்தியரிடம் கதையுங்கள். 1926 என்ற இலக்கம் தேசிய மனநல நிறுவகத்தின் உதவித் தொலைபேசி, எந்த நேரமும் கூப்பிடலாம். இந்தக் கரையில் சண்டையையும் சுனாமியையும் பார்த்த தலைமுறைக்கு “ஏதாவது நடக்கும்” என்ற நினைப்பு வானத்திலிருந்து விழுந்ததில்லை. அதைச் சொல்லி உதவி கேட்பதில் குறைச்சல் ஒன்றும் கிடையாது.

அதுவரை பைக்கை விற்றுவிடாதீர்கள். தூரத்தைக் குறையுங்கள், ஓடுவதை நிறுத்த வேண்டாம். கன்னியா வரை போய் வாருங்கள், பிறகு குச்சவெளி, பிறகு கந்தளாய். ஒவ்வொன்றும் சலிக்கிற அளவுக்குப் பழகின பிறகு அடுத்தது.

போகும் முன் சர்விஸ் போட்டுவிட்டால் நிம்மதியாகப் போகலாம்தானே? மெக்கானிக் “ஒன்றுமில்லை தம்பி, போயிட்டு வா” என்கிறார், எனக்கு நம்பிக்கை வரவில்லை.

சர்விஸ் போட்ட மறுநாள் தூரம் போகாதீர்கள். கழற்றிப் பூட்டின இடத்தில்தான் நட்டு இறுகாமல் இருக்கும், கேபிள் மடிந்திருக்கும், ஒயில் போல்ட்டில் கசியும். ஒரு கிழமை முன்பே போட்டு, நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் ஒரு சுற்று ஓடி, திரும்பி வந்து அடியில் ஒயில் சொட்டுகிறதா, பின் அச்சு நட்டு அசைந்திருக்கிறதா, செயின் தொய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மெக்கானிக்கைப் பற்றி: “எல்லாம் சரியா?” என்று கேட்டால் எந்த மெக்கானிக்கும் சரி என்றுதான் சொல்வார், பின்னால் மூன்று பைக் காத்து நிற்கும். “முன் பேட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது அண்ணே? பின் பேரிங்கில் ஆட்டம் இருக்கா? இந்தச் செயினோடு யாழ்ப்பாணம் போய் வரலாமா, நீங்கள் என்றால் போவீங்களா?” என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஒரு கணம் யோசித்துவிட்டுப் பதில் சொல்கிறவர் நல்ல மெக்கானிக். மாற்றின பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள், சண்டைக்கு இல்லை, தேய்ந்த பேட் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகட்டும். கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போங்கள், வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்திலும் பொங்கலுக்கு முதல் நாளும் போய் நின்று “கவனமாகப் பாருங்கள்” என்பதில் அர்த்தம் இல்லை. பார்த்துச் சொன்னதற்கும் காசு கொடுங்கள், ஒன்றும் மாற்றாவிட்டாலும். அவருடைய ஃபோன் நம்பரைக் கேட்டு வாங்கி, எந்த நேரம் வரை எடுப்பார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.